மீன் வாடை

மூன்று நாளாக வந்தது.
இரவு ஏசி போட்டு அரைமணி கழித்துத் தொடங்கும்.
நெத்திலி வறுப்பது போல,
ஆனால் அடியில் ஏதோ ஒரு கசப்பு.
நெத்திலி உனக்கெப்படித் தெரியும் என்பீர்கள்.
பதினோரு வருஷம் ஆபீஸில்
எல்லோரோடும் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறந்தவள் நான்.

கீழ்வீட்டுக்கு மார்ச்சில் வந்தாள் மரியபாக்கியம்.
குரோம்பேட்டையில் நர்ஸ், பாதி நாள் நைட் டியூட்டி.
"சமையலெல்லாம் எப்படி?" என்று
செயலாளர் சுற்றிவளைத்துக் கேட்டபோது
"பசிச்சா சமைப்பேன் சார்" என்றாளாம்.
நங்கநல்லூரில் நான்கு வீடு உள்ள கட்டடம் எங்களுடையது.
நான்கு வீட்டில் மூன்று கையெழுத்து.
'பொதுநலன் கருதி' என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை
டைப் அடித்தது நான்.
அவள் கதவுக்கடியில் தள்ளியதும் நான்.

அக்னி நட்சத்திரம் ஆறாம் நாள்
ஹாலில் விளக்கு, படுக்கையறையில் இருட்டு.
பழவந்தாங்கலிலிருந்து நெப்போலியன் வந்தார்.
செருப்பைக் கழற்றும்போதே நின்றுவிட்டார்.
"எத்தனை நாளாம்மா இந்த வாடை?"
கீழ்வீடு, என்றேன்.
அவர் கீழே பார்க்கவில்லை.
வாசல் கதவுக்கு மேல்
தினசரி காலண்டர் மறைத்திருந்த போர்டைப் பார்த்தார்.

மெயினை இறக்கினார்.
டெஸ்டர் வைத்துப் பார்த்தார், நம்பாமல் இன்னொரு முறை.
நான்கு திருகு. மூடி கையோடு வந்தது.
அதன் பின்னால்
என் வீட்டுச் சுவரிலிருந்து
காசிமேடே இறங்கி வந்தது.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருப்புப் பெட்டி.
ஒரு பக்கம் பழுப்பேறி, இளகி,
ஒயரின் தோல் கருவாடாகச் சுருண்டு.
"பிளாஸ்டிக் வேகுற வாடைம்மா இது.
நிறைய வீட்டுல பக்கத்து வீட்டைத்தான் திட்டுவாங்க."
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எண் தெரியவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார்.
முப்பத்திரண்டு.
"ஒன்றரை ஒயருக்கு முப்பத்திரண்டா? யார் மாட்டுனது?"
என் வீட்டுக்காரர்.
அப்போது அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தது,
சனியன் என்று பெரிதாக மாற்றினார்.
அதற்கப்புறம் ஒரு நாளும் விழவில்லை.
நல்ல பிரேக்கர் என்று
வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறோம்.
"இப்பவும் விழலம்மா. எரிஞ்சு அறுந்திருக்கு.
விழறதுக்குத்தான் இதுக்குச் சம்பளமே."

சமையலறைக்கு இன்னும் பீங்கான் ப்யூஸ்.
அதற்குள் ப்யூஸ் கம்பிக்குப் பதில்
மூன்று இழைச் செம்பு, கயிறு போல முறுக்கி.
அதுவும் எங்கள் கெட்டிக்காரத்தனம்தான்.

சாயங்காலம் வரை வேலை.
ஏசிக்குத் தனி ஒயர், தடித்தது, அதற்கு இருபது.
விளக்குக்கெல்லாம் பத்து.
ஓரத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி, மஞ்சள் பொத்தானோடு.
"மாசம் ஒரு தடவை அழுத்துங்க. விழணும்.
விழலன்னா கூப்பிடுங்க."
அழுத்தினேன்.
வீடு முழுக்க டப்பென்று செத்து
தெருவில் பால்காரன் பேசுவது கேட்டது.

பதினோராயிரத்து நானூறு.
ரசீதில் கையெழுத்துக் கேட்டார்.
பேனாவைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றேன்.

மரியபாக்கியம் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்தாள்.
என்ன சொன்னேனோ, வரிசையில்லாமல் சொன்னேன்.
அவள் கொண்டையை முடிந்துகொண்டே கேட்டாள்.
"எனக்கும் வந்துச்சுக்கா.
மாடியிலேர்ந்துதான் வருதுன்னு தெரிஞ்சுது.
நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

அவள் தலைக்கு மேலும் அதே போர்டு.
எண்பத்தொன்பதில் ஒரே ஆள்
நான்கு வீட்டுக்கும் மாட்டியது.
நெப்போலியன் நம்பர் தருகிறேன் என்றேன்,
எழுதத் தாள் இல்லை.
உள்ளே போய் ஒன்று எடுத்து வந்தாள்,
நான்காக மடித்தது.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.